149 யூரோ வெயில்

விளக்கு வந்த அன்றைக்கே அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். பெட்டியைப் பிரித்து, மேசையில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டதும் அம்மா கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "என்ன தாயி இது, கல்யாண வீட்டு வீடியோக்காரன் லைட்டு மாதிரி அடிக்குது?" குளிர்கால இருட்டில் வரும் சோர்வுக்கு, வெயில் மாதிரி வெளிச்சம் தருகிற விளக்கு என்றேன். விலையைக் கேட்டாள். 149 யூரோ. நம்ம ஊர்க் காசுக்குப் பதினைந்தாயிரம் பக்கம் வரும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "விருதுநகர்ல பொறந்துட்டு வெயிலைக் காசு குடுத்து வாங்குறியே."

அந்த வாக்கியத்தை என் வீட்டுக்காரர் இன்றுவரை விடவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் முதலில் விளக்கைக் காட்டுவார், அடுத்து அம்மா சொன்னதைச் சொல்வார்.

மூன்று குளிர்காலம் அந்த விளக்கோடு இருந்தாயிற்று. ஃபின்லாந்துக்குப் புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகள் அக்டோபர் பிறந்ததும் "அக்கா, அந்த லைட்டு உண்மையிலேயே வேலை செய்யுதா, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இது. கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள். இந்த வகை விளக்கை ஏழெட்டுக் கம்பெனிகள் செய்கின்றன. பெயரைவிட அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஓர் எண்தான் முக்கியம். அதற்கு வருகிறேன்.

நான் இருப்பது தம்பேரே. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, ஷிப்ட் முறை. கோயம்புத்தூரைப் போலவே இந்த ஊருக்கும் மான்செஸ்டர் என்று பட்டப்பெயர், இதுவும் பஞ்சாலை ஊர். இங்கே ஃபின்லேசன் ஆலையின் நெசவுக்கூடத்தில் 1882 மார்ச் மாதம் எடிசனின் மின்விளக்குகள் எரிந்தன. நார்டிக் நாடுகளில், அதாவது வட ஐரோப்பாவின் இந்தப் பக்கத்தில், எடிசனின் பல்பு முதலில் எரிந்தது இங்கேதானாம். இந்த ஊருக்கு மட்டும் ஏன் அவ்வளவு அவசரம் என்பது ஒரு நவம்பர் இங்கே இருந்து பார்த்தால் புரிந்துவிடும்.

குளிர் பெரிய விஷயமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிருக்குத் துணி இருக்கிறது, வீட்டுக்குள் எப்போதும் 21 டிகிரி. ஜனவரியில் பனி விழுந்து கிடக்கும்போது ஊரே வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். தெருவிளக்கு ஒன்று எரிந்தால் பனி அதைப் பத்தாக்கித் தரும். மோசமான காலம் அதற்கு முன்னால்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து பனி நிலைக்கும்வரை உள்ள ஆறேழு வாரங்கள். இலை உதிர்ந்துவிட்டது, பனி வரவில்லை. தார்ச்சாலை கறுப்பு, மரம் கறுப்பு, வானம் சாம்பல். மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, ரெண்டுங்கெட்டானாக ஒன்று பக்கவாட்டில் அடிக்கும். அதற்கு ரந்தா என்று தனிப்பெயர். அது தரையில் கிடந்து சேறாவதற்கு லோஸ்கா என்று இன்னொரு பெயர். சாம்பல் நிறத்துக்கு ஹர்மா. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் நவம்பர் மாத உரையாடலில் பாதி முடிந்தது.

மாதப் பெயர்களே ஒரு மாதிரி. அக்டோபர் லோகாகூ, சேற்று மாதம். நவம்பர் மர்ராஸ்கூ. மர்ராஸ் என்றால் சாவு, சாகக் கிடப்பது என்று பொருள் வரும் பழஞ்சொல். கூ என்றால் நிலவு, மாதம் என்றாலும் அதே சொல். நாம் திங்கள் என்று சொல்வதேதான். மொழி வகுப்பில் இதைக் கேட்டபோது கொஞ்சம் ஒட்டுதல் வந்தது. ஆனால் எந்தத் தமிழனும் ஒரு மாதத்துக்குச் சாவுத் திங்கள் என்று பெயர் வைக்க மாட்டான். ஆடி மாதத்துக்கே அத்தனை கட்டுப்பாடு வைத்தவர்கள் நாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தம்பேரேயில் நவம்பர் 1-ஆம் தேதி சூரியன் 8 மணிக்குச் சற்று முன்னால் உதிக்கும். 30-ஆம் தேதி 9 மணிக்கு மேல். மாலையில் மூன்றேகாலுக்கு மறைந்துவிடும். டிசம்பர் 21 அன்று பகல் என்பது ஐந்தேகால் ஐந்தரை மணி நேரம், உச்சியில் நிற்கும்போதுகூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 5 டிகிரிதான் ஏறியிருக்கும். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எதிரே இருந்தால் அவ்வளவுதான். இது மேகம் இல்லாத நாளுக்கான கணக்கு. மேகம் இல்லாத நவம்பர் நாளைக் கைவிரலில் எண்ணலாம். நாட்டின் வடகோடியில், லாப்லாந்தின் வடக்குப் பகுதியில், சூரியன் வாரக்கணக்கில் உதிக்கவே உதிக்காது, அதுதான் காமோஸ். தெற்கில் இருக்கிற நமக்கு அந்தப் பெருமையும் கிடையாது. சூரியன் உதித்ததாகக் காலண்டர் சொல்லும், நமக்குத் தெரியாது.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புது ஊர், புது வேலை, எல்லாவற்றையும் போட்டோ எடுக்கிற உற்சாகம். இரண்டாவது வருஷம்தான் பிடித்தது. பத்து மணி நேரம் தூங்கினாலும் எழும்போது உடம்பு ஈரச் சாக்கு மாதிரி இருக்கும். சோறும் உருளைக்கிழங்கும், இங்கே புல்லா என்று ஏலக்காய் போட்ட பன் ஒன்று உண்டு, அதுவுமாக வயிறு கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா கூப்பிட்டால் எடுக்கத் தோன்றாது. ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்புப் பலகையில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மாட்டினேன். இன்னொன்றை மாட்டவில்லை. கோட்டோடு, ஒரு கால் பூட்ஸோடு, நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, யோசிக்கவும் இல்லை. வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துத்தான் எழுப்பினார்.

வேலையிடத்துக்கான சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு பக்கக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லிவிட்டு, மூன்று விஷயம் சொன்னார். காலையில் கிர்காஸ்வலோலம்ப்பு, அதாவது பிரகாச ஒளி விளக்கு. மத்தியானம் மேகம் மூடியிருந்தாலும் அரை மணி நேரம் வெளியே நடை. வைட்டமின் டி. இரண்டு வாரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். வைட்டமின் டி வேறு கணக்கு, அதை விளக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே பாலிலேயே 2003 முதல் அதைக் கலக்கிறார்கள், 2010-இல் அளவை இரட்டிப்பாக்கினார்கள். இந்த விளக்கிலிருந்து ஒரு துளி வைட்டமின் டியும் கிடைக்காது. புற ஊதாக் கதிர் வராதபடிதான் இதைச் செய்கிறார்கள்.

விளக்கு வேலை செய்வது கண் வழியாக. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மூளையின் கடிகாரத்துக்குத் தகவல் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. காலையில் அவற்றுக்குப் போதுமான வெளிச்சம் போனால்தான் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு அடங்கும், உடம்பு "சரி, விடிந்துவிட்டது" என்று ஒத்துக்கொள்ளும். பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்து, விளக்கு வெளிச்சத்தால் அதைச் சரிசெய்யலாம் என்று நார்மன் ரோசன்தால் குழுவினர் அமெரிக்காவில் கட்டுரை எழுதியது 1984-இல். அதற்கப்புறம்தான் இந்த வியாபாரமே. நடுவில் இந்த நாட்டிலேயே ஒரு கம்பெனி, காதுக்குள் வெளிச்சம் பாய்ச்சும் கருவி ஒன்றை விற்றது. ஹெட்போன் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும், காதுத் துளை வழியாக மூளைக்கு வெளிச்சம் போகுமாம். விஞ்ஞானிகள் பிடித்து உலுக்கினார்கள். என் சக ஊழியர் ஒருவரிடம் இன்னும் அது இழுப்பறையில் கிடக்கிறது. காதில் பூ சுற்றுவது என்பதை அவருக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது நான் ஏமாந்த கதை. முதலில் வாங்கியது இந்த விளக்கு இல்லை. இணையத்தில் ஒரு கடையில் 49 யூரோவுக்கு உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவில் அழகான ஒன்று வாங்கினேன். மர நிறக் கால், உருண்டை விளிம்பு, அலமாரியில் வைத்தால் பொருத்தமாக இருக்கும். முகப்பில் பெரிதாக 10,000 லக்ஸ் என்று போட்டிருந்தது. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள் பெட்டியைத் தூக்கிப் போடப் போகும்போதுதான் பின்பக்கத்தைப் படித்தேன்: 10,000 லக்ஸ், 10 சென்டிமீட்டர் தூரத்தில். பத்து சென்டிமீட்டர்! மூக்கு இடிக்கும். தோசைக்கல்லில் முகம் பார்ப்பது போல உட்கார்ந்தால்தான் சொன்ன அளவு கிடைக்கும். இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. நான் மூன்று நாள் தாமதம். இப்போது அது அலமாரியில் பிள்ளையாருக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அந்த வேலையைச் சிறப்பாகவே செய்கிறது.

ஆகவே அந்த எண் இதுதான்: எத்தனை சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ்? அதை மட்டும் பாருங்கள். 20-க்குக் கீழே என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். 30 கிடைத்தால் நல்லது. நம்ம ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும், நல்ல அலுவலக மேசையில் 500 இருக்கும், வீட்டு ஹாலில் அதுவும் இருக்காது. தூரம் கூடக்கூட வெளிச்சம் மளமளவென்று சரியும். என் வீட்டுக்காரர் முதல் மாதம் முழுக்க சோபாவில் படுத்துக்கொண்டு, "எனக்கும் சேர்த்துத்தானே எரியுது" என்று இரண்டு மீட்டர் தள்ளி இருந்தே வெயில் காய்ந்தார். அவருக்குக் கிடைத்தது டியூப் லைட்.

இரண்டாவதாக வாங்கியதுதான் 149 யூரோ. கடைக்கே போய், ஸ்கேலை வைத்துப் பார்த்து வாங்கினேன். அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் ஒரு முழத்துக்கு மேல், எடை இரண்டு கிலோ பக்கம். வெள்ளை பிளாஸ்டிக் பலகை, பின்னால் கம்பிக் கால். அழகு என்று எதுவும் கிடையாது, எக்ஸ்ரே பார்க்கும் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் நிறுத்தியது போல இருக்கும். எல்.இ.டி., 36 வாட், கரண்டுச் செலவு காசுக் கணக்கில் வராது. பெரிதாக இருப்பதில் ஒரு வசதி: முகத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் குனிந்தாலும், காபியை எடுக்கக் கை நீட்டினாலும் வெளிச்சத்துக்குள்தான் இருப்போம். நேராக உற்றுப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தில் சாய்வாக இருந்தால் போதும், கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவே.

என் காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. ஐந்தரைக்கு எழுந்து, பல் தேய்த்து, ஃபில்டர் காபியோடு ஐந்தே முக்காலுக்கு விளக்கு முன்னால். ஆறேகால் வரை. போன் பார்ப்பேன், சில நாள் வெங்காயம் உரிப்பேன், சில நாள் ஃபின்னிஷ் இலக்கணம். முதல் நான்கு நாள் லேசான தலைவலி, கண்ணில் உறுத்தல். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து நேரத்தைக் குறைத்ததும் போய்விட்டது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அலாரம் அடிப்பதற்கு முன்னால் விழித்தேன். பெரிய மாற்றம் என்று மத்தளம் கொட்ட மாட்டேன். பூட்ஸ் இரண்டையும் மாட்டினேன், பஸ்ஸுக்குப் போனேன், வழியில் இளையராஜா கேட்கத் தோன்றியது. அதுவரை வாரக்கணக்கில் பாட்டுக் கேட்கவே தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம்பிக்கையால் ஏற்பட்ட மாற்றமாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அதே நம்பிக்கையோடுதான் 49 யூரோ விளக்கு முன்னாலும் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். காலையில் இவ்வளவு நல்லது செய்கிறதே என்று, ஒரு நாள் மாலை ஷிப்ட் முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இரவு மூன்று மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். உடம்புக் கடிகாரம் நடுராத்திரியில் விடிந்ததாக நினைத்துக்கொண்டது. மறுநாள் முழுக்க வேலையிடத்தில் நடைபிணம். மாலையில் தொடாதீர்கள். அப்புறம், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், இருதுருவ மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

மாலையைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது விளக்குப் பெட்டிக்குள் இருந்த காகிதம் இல்லை, எங்கள் இல்லத்தில் இருக்கும் தொண்ணூற்றொரு வயது மும்மு. மும்மு என்றால் பாட்டி. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், தொண்ணூறு வயதானாலும். எனக்கு நாக்கு வராது. வெளியே பெயர், மனதுக்குள் மும்மு.

மத்தியானம் இரண்டு மணிக்குக் காபி கொடுப்போம். இந்த நாட்டில் காபி மருந்து மாதிரி, உலகத்திலேயே அதிகமாகக் குடிப்பவர்கள் வரிசையில் இவர்கள் முன்னால் நிற்கிறார்கள். காபி முடிந்து மூன்றேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியே நீலம் கறுக்க ஆரம்பிக்கும். விளக்கு அருமை புரிந்த புதிதில் நான் கூடத்தின் எல்லா விளக்கையும் ஒரேயடியாகப் போடுவேன். விருதுநகர்ப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அந்தி நேரத்தில் வீடு இருட்டாக இருந்தால் எங்கள் ஆச்சி ஊரைக் கூட்டிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக் கூடாது, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, வாசலைச் சாத்தக் கூடாது. மூதேவி வருவாள்.

மும்மு ஒரு நாள் கையை நீட்டி, "அணை" என்றார். ஒற்றைச் சொல். அணைத்தேன். பக்கத்து நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை. ஜன்னல் நீலமாக இருந்தது, பிறகு இல்லை. அதற்கப்புறம்தான் சொன்னார். அவருடைய சின்ன வயதில் பண்ணை வீட்டில், அந்தி சாயும்போது உடனே விளக்கேற்ற மாட்டார்களாம். மண்ணெண்ணெய் மிச்சம். முழுக்க இருட்டும்வரை வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா பாதித் தூக்கத்தில், அம்மா கை மடியில். ஒரு நாளில் அம்மாவின் கை சும்மா இருந்த ஒரே நேரம் அதுதானாம்.

ஃபின்லாந்துக்காரர்களின் சோகம், மௌனம் என்று வெளியூரில் நிறைய வேடிக்கை பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். இவர்கள் டாங்கோ ஆடுவதே சோக ராகத்தில்தான். கல்யாணமான தம்பதிகள் சிரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதை ஒரு கோடை மேடையில் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போனார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். 2018-லிருந்து ஒவ்வொரு வருஷமும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் இந்த நாடுதான் முதலிடம். அந்தச் செய்தி வரும் நாளில் ஓய்வறையில் எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "நோ நீன்" என்பார்கள். அதற்கு "ம்ம், சரி" என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லும் தொனியைப் பொறுத்துப் பத்து அர்த்தம் வரும்.

ஆனால் ஐந்து நவம்பர் பார்த்தபிறகு ஒன்று புரிகிறது. இங்கே நவம்பரில் யாரும் உங்களைச் சிரிக்கச் சொல்வதில்லை. நம்ம பக்கம் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் போதும், "என்ன, ஒரு மாதிரி இருக்க? வீட்டுல சண்டையா? சாப்பிட்டியா? யாராவது கண்ணு வச்சிருப்பாங்க" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. இங்கே "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "மர்ராஸ்கூ" என்று மாதத்தின் பெயரைச் சொன்னால் போதும். அதுவே முழுப் பதில். கேட்டவர் தலையாட்டிவிட்டுக் காபியை ஊற்றுவார். அக்டோபர் 31-க்கும் நவம்பர் 6-க்கும் இடையில் வரும் சனிக்கிழமையில் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி வைப்பார்கள். சக ஊழியரோடு கலேவன்கங்காஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு முறை போனேன். இருட்டில், தூறலில், மரங்களுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் சின்னச் சின்னச் சுடர். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் மெழுகுவத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். கார்த்திகைக்கு வாசலில் அகல் வரிசை வைத்ததுபோல இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

கார்த்திகை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் சும்மா நேரங்களை எழுதிப் பார்த்தேன். டிசம்பர் தொடக்கத்தில் விருதுநகரில் மாலை 6 மணி பக்கம் பொழுது சாய்கிறது. இங்கே அப்போது மணி இரண்டரை. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். தம்பேரேயில் சூரியன் மறைவது மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல். அதாவது அம்மா வாசலில் விளக்கு வைத்த அரை மணி முக்கால் மணி நேரத்தில் எனக்கும் பொழுது சாய்கிறது. ஏறக்குறைய ஒரே அந்தி. காலைதான் மோசம். அம்மா விடிந்து கோலம் போட்டு, காபி குடித்து, சமைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில்தான் இங்கே சூரியன் எட்டிப் பார்க்கும். ஆறரை மணி நேரம் பிந்தி. இதை எழுதிப் பார்த்த அன்றிலிருந்து மாலை இருட்டோடு எனக்குச் சண்டை இல்லை. திருடு போவது காலை. அதற்குத்தான் 149 யூரோ.

அதனால் என் வீட்டில் இப்போது இப்படி: காலையில் எக்ஸ்ரே பெட்டி முழு வெளிச்சத்தில். மாலையில் மஞ்சள் விளக்கு ஒன்று, பிள்ளையாரிடம் அந்த 49 யூரோ விளக்கு. டிசம்பர் 6, இவர்களுடைய சுதந்திர தினம், மாலை ஆறு மணிக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி வைப்பது வழக்கம். கார்த்திகை தீபமும் அதை ஒட்டி முன்னேபின்னே வரும். பால்கனியில் நான் அகல் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் சீக்கிரமே வைத்துவிட்டேன் என்று நினைப்பாராக இருக்கும். கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார்.

இந்த விளக்கின் குறைகள். பொத்தான் பின்பக்கம், கீழே. இருட்டில் தடவித் தேடி அமுக்கினால் முழு வெளிச்சமும் முகத்தில் அறையும். மெதுவாகக் கூட்டும் வசதி இல்லை. அரை மணியில் தானே அணையும் டைமரும் இல்லை, இந்த விலைக்கு அது இருந்திருக்க வேண்டும். ஒயர் குட்டை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தனியாக வாங்கினேன். கால் ஆட்டம் காண்கிறது, ஒரு முறை காபி மேலேயே சாய்ந்தது. காபிதான் போனது, விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்துவிடாதீர்கள், முப்பத்தெட்டு வயது அறுபதாகத் தெரியும்.

வாங்குவதென்றால் செப்டம்பரிலேயே வாங்குங்கள். நவம்பர் நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வார்கள், நல்ல அளவில் உள்ளவை தீர்ந்து, மர நிறக் கால் வைத்த அழகுப் பொருட்கள்தான் மிஞ்சும். உடம்பு சோர்வதற்கு முன்பே, அக்டோபரிலேயே தொடங்கிவிடுவது நல்லது. கூடவே ஒரு ரிஃப்ளெக்டரும் வாங்குங்கள், மூன்று நாலு யூரோதான். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. கறுப்புக் கோட்டில் நாமும் கறுப்பாக நடந்தால் பஸ் ஓட்டுநருக்கு என்ன தெரியும்? பகலில் வேலைக்கு நடுவே வெளியே போக முடிகிறவர்கள் விளக்கை வாங்கும் முன் ஒரு வாரம் மத்தியான நடையை முயன்று பாருங்கள். எவ்வளவு மேகம் இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு, அதற்கு யூரோ கிடையாது. எனக்கு ஷிப்ட் வேலையில் அது அமையவில்லை. தனிமைக்கு விளக்கு எதுவும் செய்யாது. அதற்கு ஆள்தான் வேண்டும், வார இறுதியில் யார் வீட்டுக்காவது கிளம்பிப் போங்கள், பிரியாணி கிண்டுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டைமர் இருந்திருந்தால் நாலரை.

இதை எழுத உட்கார்ந்தபோது மூன்று மணி. இப்போது நாலு தாண்டிவிட்டது. அறையில் லேப்டாப் திரை மட்டும்தான் வெளிச்சம். நடுவில் அம்மா கூப்பிட்டாள். அங்கே ஏழு மணி, பின்னால் பூஜை அறை விளக்கு எரிவது தெரிந்தது.

"என்ன தாயி, இருட்டுல உக்காந்திருக்க? மொகமே தெரியல. அந்தப் பதினஞ்சாயிர ரூவா லைட்டைப் போட வேண்டியதுதானே?"

"அது காலைக்கும்மா."

"அப்ப வேற லைட்டு இல்லையா வீட்டுல?"

"இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சுப் போடுறேன்."